சௌகிதார் பார்க்காத அறை

“நான் சொல்லலை மங்களம் மாமி, கோவிச்சுக்காதேங்கோ. உங்காத்துப் பொண்ணு காவலுக்கு நிறுத்தி வச்ச சௌகிதாரே உங்காத்துப் பொண்ணைக் காட்டிக் குடுத்துடுத்து!”

“போறும் மிஸ்டர் சேஷன்! முப்பது வருஷமா ஒரே காலனில தண்ணி பிடிச்சிருக்கோம். என் அண்ணா பொண்ணைத் திருடின்னு சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வளைஞ்சது?”

“நாக்கு என்ன நாக்கு? ரெகார்ட் சொல்றது! ஆன் ரெகார்ட் சொல்றது!”

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் அந்த மாடிப்படியில், இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள் ஜலஜா. சண்டை நடக்கிற வீட்டில் காலிங் பெல்லை அழுத்துகிறவர்கள் இந்தத் தொழிலில் உருப்பட மாட்டார்கள் என்பது அவள் கட்சி. சண்டையில் ஐந்து நிமிஷத்தில் வெளியே விழுகிற விஷயம், சமாதானத்தில் ஐந்து நாளானாலும் வராது. தவிர, முட்டி வலி. நிற்க ஒரு காரணம் கிடைத்தால் அவள் விடுவதில்லை.

“யக்கா, மேல போலாமா, இல்ல இங்கியே பாய் விரிச்சிடட்டுமா?” என்றான் பின்னால் நின்ற அருள்மணி. கரோல் பாகில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நடக்கும் ‘ஜலஜா இன்வெஸ்டிகேஷன்ஸ்’ நிறுவனத்தின் மொத்த ஊழியர் படையும் அவன்தான். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்குவது, வாயை அடக்காமல் இருப்பது, மூன்றும் அவன் பொறுப்பு.

“சும்மா இருடா. கேக்க விடு.”

நிறுவனம் என்று பெயர்தான் பெரிசு. இருபது வருஷமாக ஜலஜா செய்துவந்தது ஒரே வேலை: மாப்பிள்ளை குடிக்கிறானா, மாப்பிள்ளைக்கு வேறு யாராவது இருக்கிறாளா. இந்த இரண்டு கேள்விகளுக்காக தில்லியின் அத்தனை காலனிகளிலும் வெயிலில் நின்று நின்று அவளுக்கு மனித குலத்தின் மேலேயே ஒரு கொட்டாவி வந்துவிட்டது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மே மாதம், வெளியே லூ என்னும் அனல்காற்று அடுப்பைத் திறந்து விட்டமாதிரி வீசுகிறது. இதில் கம்ப்யூட்டர் கேஸ் வேறு.

விஷயம் இதுதான். கிட்வாய் நகர் தமிழர்களுக்கு ரிட்டயர் ஆகிற பயத்தைவிட ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற பயம் பெரிசு. அதற்காக நாற்பது பேர் சேர்ந்து ஒரு சொசைட்டி அமைத்து, துவாரகாவில் எட்டு மாடி எழுப்பிவிட்டார்கள். யாருக்கு எந்த மாடி என்பதற்குக் குலுக்கல். துண்டுச் சீட்டில் குலுக்கினால் சண்டை வரும் என்று கம்ப்யூட்டரில் குலுக்கினார்கள். இப்போது கம்ப்யூட்டரால் சண்டை.

குலுக்கும் ப்ரோக்ராமை எழுதியவள் மங்களத்தின் அண்ணன் மகள் சுபாஷிணி. முடிவைத் திரையில் காட்டும் பகுதியை எழுதியவன், சொசைட்டித் தலைவர் சேஷனின் மகன் அனிருத். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. போன ஞாயிறு, மூன்று உறுப்பினர்கள் எழுந்து ஆளுக்கு ஒரு எண் சொல்ல, அந்த எண்களை வைத்து ப்ரோக்ராம் குலுக்கியது. அதே எண்களை எப்போது கொடுத்தாலும் அதே முடிவுதான் வர வேண்டும், ஏமாற்ற முடியாது என்று சுபாஷிணி மேடையில் பெருமையாகச் சொன்னாள். திரையில் பெயர்கள் வந்தன. எல்லாரும் கீழ்த்தள மூலை வீட்டுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்க, அது மங்களத்துக்கு விழுந்தது. பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட அச்சுதன் சாருக்கு ஏழாவது மாடி.

மறுநாள் யாரோ சந்தேகப்பட்டு, கம்பெனியில் இருந்த பிரதியில் அதே எண்களைக் கொடுத்து மறுபடி குலுக்கிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு பேருக்கு அதே வீடு. இரண்டு பேருக்கு மட்டும் இடம் மாறியிருந்தது. கீழ்த்தளம் அச்சுதனுக்கு, ஏழாவது மாடி மங்களத்துக்கு.

மேலே கதவு படாரென்று திறந்தது. சேஷன் இறங்கி வந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்த அண்டர் செக்ரட்டரி. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நீங்கதான் மாமி வரவழைச்ச டிடெக்டிவா? வீண் செலவு. வர ஞாயித்துக்கிழமை ஜெனரல் பாடில தீர்மானம் வரது. அப்புறம் போலீஸ். கம்பெனிக்காரன் அவளை ஏற்கெனவே ஆபீசுக்கு வராதேன்னுட்டான். டேக் நோட்.”

“நோட் பண்ணிக்கிட்டோம் சார்” என்றான் அருள்மணி. “பேனாவுலதான் மை இல்ல.”

சேஷன் அவனை ஒரு கோப்பில் வேண்டாத தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

*

உள்ளே கூலர் தண்ணீரில்லாமல் சும்மா இரைந்துகொண்டிருந்தது. சுபாஷிணி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது. ஒரு வாரமாகத் தூங்காத கண். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளிடம் பாதி இந்தியும் பாதி அலுப்புமாக வந்தது.

“நான் பண்ணலை ஆன்ட்டி. பஸ், அவ்வளவுதான். அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.”

“அந்த சௌகிதார் யாரும்மா? முதல்ல அதைச் சொல்லு. எனக்குப் புரியற மாதிரி. இவனுக்குப் புரியற மாதிரி சொன்னா இன்னும் நல்லது.”

“நான் எட்டாங் கிளாஸ்க்கா. ஃபெயிலு வரைக்கும் படிச்சிருக்கேன்” என்றான் அருள்மணி.

சுபாஷிணிக்கு ஒரு வாரத்தில் முதல் முறையாக உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. “ஜாவால ஆஸ்பெக்ட்னு ஒண்ணு இருக்கு. ப்ரோக்ராமுக்குள்ள கை வைக்காம, வெளியிலேர்ந்து ஒரு சௌகிதாரை நிறுத்தற மாதிரி. ‘இந்தப் பொருளை எவன் தொட்டாலும் எழுதி வை’ன்னு சொல்லிடலாம். அவன் பாட்டுக்கு எழுதிண்டே இருப்பான். யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு நான்தான் வச்சேன். குலுக்கல் முடிஞ்சதும் அவன் எழுதினதை பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டினதும் நான்தான்.”

“அவன் என்ன எழுதினான்?”

“ரெண்டே விஷயம். ‘மாற்றியது சுபாஷிணி பகுதி. பார்த்தது அனிருத் பகுதி.’ வேற யாருமே தொடலை. நான் குலுக்கி முடிச்சு வரிசையை வைக்கறேன், அது மாத்தறதுதானே? அனிருத் பகுதி எடுத்துத் திரையில காட்டறது, அது பாக்கறது. சேஷன் மாமா அதைத்தான் பிடிச்சுண்டு குதிக்கறார். மாத்தினது ஒரே ஆள், பாத்தவன் மேல என்ன தப்புன்னு.”

“ஹால்ல ஓடின லேப்டாப்?”

“அனிருத் அன்னிக்கே ஃபார்மட் பண்ணிட்டான். வைரஸாம். இப்ப ஆபீஸ்ல இருக்கற அவன் பகுதி சுத்தமா இருக்கு, நான் பாத்துட்டேன்.”

அருள்மணி உச்சுக் கொட்டினான். “வைரஸ் கூட ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கல பாரு.”

ஜலஜாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தோன்றுவதற்கெல்லாம் யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை. பார்க்க மட்டும் செய்தவன் எப்படி மாற்ற முடியும்? அவள் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். பார்க்கிறவர்களுக்கு யோசிப்பதுபோல இருக்கும். பாதி நேரம் அது தூக்கம்தான்.

அடுக்களையிலிருந்து மங்களத்தின் குரல் எழுந்தது. “கர்மம், கர்மம்! கடுகு வெடிக்கவே மாட்டேங்கறது பாரு! உப்புமாவுக்குத் தாளிச்சா என்னமோ ரசத்துக்குத் தாளிச்ச வாசனை வரது!”

எல்லாரும் எழுந்து போனார்கள். வாணலியில் கருகிக் கிடந்தது சீரகம். மேடையில் அஞ்சறைப் பெட்டி. கடுகு இருக்க வேண்டிய அறையில் சீரகம், சீரகம் இருக்க வேண்டிய அறையில் கடுகு.

“யார் மாமி பெட்டியை மாத்தினது?” என்றாள் ஜலஜா.

“பெட்டியை யாரு மாத்துவா? என் கல்யாணத்துக்குக் குடுத்த பெட்டி, அதே பெட்டிதான், அதே இடம்தான். நேத்து இவ விஷயத்தை நெனச்சுண்டே ரொப்பினேன். எதை எதுல கொட்டினேனோ.”

ஜலஜா பெட்டியைக் கையில் எடுத்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள். அருள்மணிக்கு அந்தப் பழக்கம் தெரியும். அவன் பேசாமல் அடுப்பை அணைத்தான்.

“சுபாஷிணி, உன் சௌகிதார் எதைப் பாக்கறான்? பெட்டியையா, அறையையா?”

“என்ன ஆன்ட்டி?”

“இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு இதே இடத்துல வேற பெட்டியை ஒருத்தன் வைக்கறான். சௌகிதார் என்ன எழுதுவான்?”

“‘மாற்றியது’ன்னு எழுதுவான்.”

“ஒருத்தன் பெட்டியைக் கையில எடுக்கறான்.”

“‘பார்த்தது’ன்னு எழுதுவான்.”

“கையில எடுத்தவன் மூடியைத் திறந்து, கடுகை அந்த அறையிலேர்ந்து இந்த அறைக்கு மாத்தறான். அப்போ?”

சுபாஷிணி கடுகு அறையைத் தொட்டாள். சீரக அறையைத் தொட்டாள். அவள் முகம் வெளிறுவதை ஜலஜா பார்த்தாள். படித்த பெண்களுக்குத் தங்கள் படிப்பே தங்களை ஏமாற்றிவிட்டது என்று தெரிகிற நேரம் அது. மாப்பிள்ளை ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறபோதும் இதே முகம்தான்.

“பெட்டியை எடுத்தது மட்டும்தான் எழுதுவான்” என்றாள் மெதுவாக. “உள்ள கை வச்சது அவனுக்குத் தெரியாது. பேரையெல்லாம் வரிசையா வச்ச அர்ரேங்கறதே அறைங்க இருக்கற பெட்டிதான் ஆன்ட்டி. அறைல எழுதணும்னாலும் முதல்ல பெட்டியைத்தான் எடுக்கணும். சௌகிதார் கண்ணுல அதுவும் ‘பார்த்தது’தான். ஹே பகவான், நான் எப்படி இதை யோசிக்கலை?”

“சொன்னா மட்டும் பத்தாது, பண்ணிக் காட்டு.”

நல்ல வேளை, கரண்ட் இருந்தது. சுபாஷிணி படுக்கையறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்னவோ தட்டினாள். பத்து வரிகூட இருக்காது. இரண்டு அறைகளில் இரண்டு பெயர். காட்டுகிற பகுதியே அவற்றை இடம் மாற்றும்படி எழுதினாள். ஓடவிட்டாள். திரையில் பெயர்கள் இடம் மாறி வந்தன. சௌகிதார் மிக விசுவாசமாக எழுதி வைத்தான்: பார்த்தது. அவ்வளவுதான்.

“சரியான தில்லி சௌகிதார்” என்றான் அருள்மணி. “கேட்டுல நின்னு சல்யூட் அடிப்பான். வீட்டுக்குள்ள பீரோவைத் தூக்கிட்டுப் போனாலும் டாட்டா காட்டுவான்.”

மங்களத்துக்கு சந்தோஷம் தாங்கவில்லை. “அப்போ ஆச்சு! அந்தப் பய அனிருத்துதான்! இப்பவே போய்க் கேக்கறேன்!”

“உக்காருங்க மாமி” என்றாள் ஜலஜா. “அவன் பண்ணியிருக்க முடியும்கறதுதான் இப்போ தெரிஞ்சிருக்கு. பண்ணினான்கறது தெரியலை. லேப்டாப் போயாச்சு. நாப்பது கவர்மென்ட் ஆபீசர் முன்னாடி ‘முடியும்’கறதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆளுக்கு ஒரு பாயின்ட் ஆஃப் ஆர்டர் கிளப்பி மதியச் சாப்பாட்டுக்குக் கலைஞ்சிடுவாங்க. அதோட அவன் எதுக்குப் பண்ணணும்? கீழ்த்தளம் அவங்க அப்பாவுக்கா போச்சு? உங்களுக்கில்ல வந்தது.”

மங்களம் உட்கார்ந்தாள். சேஷன் தன் மகனை விட்டு வேண்டுமென்றே சுபாஷிணியை மாட்டிவிட்டாரோ? தலைவர் பதவிக்கு மங்களம் போட்டியாக நிற்கப்போகிறாள் என்று காலனியில் பேச்சு. ஜலஜா அந்தக் கோணத்தைத்தான் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். முட்டி முனகியது.

“நீயும் வா சுபாஷிணி. ஆனா உள்ள வராதே. நான் கூப்பிடற வரைக்கும் படியிலேயே நில்லு.”

*

சேஷன் வீடு நாலு பிளாக் தள்ளி. வரவேற்பறையில் ஷோகேஸ் பொம்மைகளுக்கு நடுவே அனிருத் உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தான். ஒல்லி, கண்ணாடி, நகத்தைக் கடித்துக் கடித்துப் பத்து விரலும் மொட்டை.

“கேஸை முடிச்சுட்டேன் சார்” என்றாள் ஜலஜா, தண்ணீர் டம்ளரை வாங்கிக்கொண்டு. “நீங்க சொன்னதுதான் சரி. பொண்ணுதான் குத்தவாளி. எனக்கு வயசாச்சு, வெயில்ல அலைய முடியலை. இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

சேஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் அப்பவே சொன்னேனே! டீ போடச் சொல்லவா?”

“ஒரு டெக்னிகல் வார்த்தை மட்டும் உங்க பையன் சொல்லிட்டா போதும். அந்த சௌகிதாரை யாராலயும் ஏமாத்த முடியாதாமே? வரிசையை மாத்தினா கண்டிப்பா எழுதிடுவானாமே? அதை மட்டும் ரிப்போர்ட்ல போட்டுட்டா பொண்ணு நேரா ஜெயில்தான்.”

“ஜெயிலா?” என்றான் அனிருத்.

“பின்ன? கம்ப்யூட்டர் குத்தம்ப்பா. புதுச் சட்டமெல்லாம் வந்தாச்சு. உன் வாக்குமூலம் ஒண்ணுதான் பாக்கி.”

“எழுதிக்குங்க தம்பி சொல்றதை” என்று அருள்மணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மையில்லாத பேனாவை எடுத்தான்.

அனிருத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டான். “அப்படிக் கண்டிப்பா சொல்ல முடியாது ஆன்ட்டி. முழு அர்ரேயையும் மாத்தினாதான் அது பிடிக்கும். உள்ள ஒரு எலிமென்ட்டை மாத்தினா அதுக்குத் தெரியாது. அதனால சுபாதான்னு அடிச்சு சொல்ல முடியாது. யார் வேணா பண்ணியிருக்கலாம்.”

அருள்மணி பேனாவை மூடினான்.

“யார் வேணான்னா யாருப்பா?” என்றாள் ஜலஜா. குரலில் கோபமில்லை, அலுப்புதான். “பெட்டியைத் தொட்டது ரெண்டே பேர். அவதான்னு சொல்ல முடியாதுன்னு நீயே சொல்றே.”

“இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா…”

“இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்? அவளுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சது. அதுவும் உப்புமா கருகினதால. உனக்கு ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சிருந்தா, ஒரு வாரமா அவளைத் திருடிங்கறாங்களே, ஏன் வாயைத் திறக்கலை?”

அனிருத் அப்பாவைப் பார்த்தான். சேஷன் மகனைப் பார்த்தார். முப்பது வருஷம் மற்றவர்கள் கோப்பில் தப்பு கண்டுபிடித்த மனிதர். தன் கோப்பைத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் பிடித்தது.

“அடேய்” என்றார். “நீயா? நான் சொன்னேனா உங்கிட்ட? நான் சொல்லவே இல்லையே!”

அந்த ‘நான் சொல்லவே இல்லையே’வில் ஜலஜா கையில் வைத்திருந்த கோணம் பொத்தென்று விழுந்தது. அப்பனுக்கு ஒன்றுமே தெரியாது. இருபது வருஷத் தொழிலில் பொய்யைவிட நிஜம்தான் அவளை அதிகம் ஏமாற்றியிருக்கிறது.

“யாருக்காகடா பண்ணினே?” என்றாள் ஜலஜா.

அனிருத்தின் கண் வாசல் பக்கம் போனது. ஜலஜா கூப்பிடாமலே சுபாஷிணி அங்கே வந்து நின்றிருந்தாள். பின்னாலேயே மங்களமும், அவளை வீட்டில் உட்கார வைக்க யாரால் முடியும்?

“மாமிக்கு மாடி ஏற முடியாதுன்னு நீ ஆபீஸ்ல சொன்னியே சுபா” என்றான் அவன். “கீழ்த்தளம் கிடைச்சா நன்னா இருக்கும்னு. நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன். அப்புறமா ஒரு நாள் நான்தான் பண்ணினேன்னு சொல்லி உன்கிட்ட… உன்கிட்ட கேக்கலாம்னு…”

அருள்மணி இருமினான். “மத்தவன்லாம் ரோஜாப்பூ குடுப்பான். தம்பி கிரவுண்டு ஃப்ளோரே குடுத்துட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை.

“அச்சுதன் மாமாவை ஏழாவது மாடிக்கு அனுப்பினியே” என்றாள் சுபாஷிணி. “அவருக்குக் கால் வராது தெரியுமோ இல்லையோ?”

“பேரைப் பாக்கலை. முதல் அறையில, அதான் கீழ்த்தள மூலை வீட்டுல, எவன் இருந்தாலும் மாமியோட மாத்துன்னு எழுதினேன். திரையில வந்தப்பறம்தான் பாத்தேன்.”

“பாத்தப்பறமும் சும்மா இருந்தே.”

“பயமா இருந்தது.”

“நான் கேட்டேனாடா?” சுபாஷிணி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு சுலபமாக இருந்திருக்கும். “வீடு வேணும்னு உன்கிட்ட கேட்டேனா? ஒரு வாரமா எங்க அத்தை வாசல்ல உங்கப்பா கத்தறார். கம்பெனில எல்லார் முன்னாடியும் என் ஐடி கார்டைக் கழட்டி வாங்கிண்டா. நீ அங்கதான் நின்னுண்டு இருந்தே. பாத்துண்டு இருந்தே.”

அனிருத் நகம் கடிக்க விரலைத் தூக்கினான். கடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடியில் சேஷனே எழுந்து நின்று தீர்மானத்தை வாபஸ் வாங்கினார். மகன் பெயரைத் தன் வாயால் சொன்னார். குரல் உடையவில்லை என்று சிலரும், உடைந்தது என்று சிலரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அச்சுதன் சார் கீழ்த்தள வீட்டுக்குப் போனார். மங்களம் ஏழாவது மாடிக்குப் போய், லிஃப்ட் இருக்கிறது, காற்று வருகிறது, விமானம் இறங்குவது தெரிகிறது, நான் கேட்டு வாங்கின மாடியாக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சேஷன் துவாரகாவுக்கு வரவேயில்லை. தன் வீட்டை சொசைட்டிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நங்கநல்லூரில் தங்கை வீட்டு மாடிக்குக் குடிபோனார். யாரும் போகச் சொல்லவில்லை. அனிருத் டொரண்டோவுக்குப் போனான். அங்கே ஸ்நேகா என்ற கல்கத்தா தமிழ்ப் பெண்ணோடு கல்யாணம். பெண் வீட்டார் விசாரிக்கச் சொல்லி ஜலஜாவிடம்தான் வந்தார்கள் என்றும், அவள் இந்தக் கேஸும் வேண்டாம், ஃபீஸும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள் என்றும் பேச்சு. அருள்மணியிடம் கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறான். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதை யாரும் நம்புவதில்லை.

கம்பெனி சுபாஷிணியைத் திரும்பக் கூப்பிட்டது. அவள் போய் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலமே ராஜினாமா கடிதத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு வருஷம் பூனா. அங்கே கூட வேலை பார்த்த மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டாள். ரிசப்ஷன் தில்லியில்தான், கரோல் பாகில் ஒரு ஹாலில். கிட்வாய் நகரிலிருந்து எல்லாரும் போனார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். மைசூர்பாகைப் பொட்டலம் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது யாரோ ஒரு மாமி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாளாம்:

“இவதானே அந்த துவாரகா வீட்டுக் குலுக்கல்ல என்னமோ பண்ணினவ?”

“இவ பண்ணலைடீ, அந்தப் பையன்.”

“ஆமாமா, கேள்விப்பட்டேன். ஆனாலும் ஏதோ இருந்திருக்கும்.”

அது காதுக்கு எட்டியதோ என்னவோ, சுபாஷிணி அதற்குப் பிறகு தில்லிக்கு வரவில்லை. மங்களம்தான் வருஷத்துக்கு ஒரு தடவை பூனா போய்வருகிறாள்.